கண்ணை மூடினேன், காதை மூடவில்லை

இருப்பது இரண்டு கைகள். நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பார்க்கக் கூடாத ஒரு படத்தின் நடுவில் மாட்டிக்கொண்டால், அந்தக் கைகளால் அவள் கண்ணை மூட வேண்டுமா, காதை மூட வேண்டுமா? ஐந்து வாரமாக யோசிக்கிறேன், பதில் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் கண்ணை மூடினேன்.

பழைய கிரேக்க நாட்டுச் சண்டைப் படம் அது. இரண்டாம் பாகம், தமிழில் டப்பிங் செய்தது. முதல் பாகத்தை என் கணவர் கப்பலில், கூட வேலை செய்கிறவர்களோடு லேப்டாப்பில் நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். சரக்குக் கப்பலில் என்ஜின் பிரிவில் இருக்கிறார். எட்டு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. இரண்டாம் பாகம் முழுக்கக் கடல் சண்டை என்று கேள்விப்பட்டு அவரேதான் போனில் சொன்னார்: "தம்பிகூட நீயும் பிள்ளையும் போயிட்டு வாங்களேன். கப்பல் கப்பலா வருமாம். பிள்ளைக்கு அப்பா ஞாபகம் வரும்லா."

துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் சனிக்கிழமை மேட்னிக்கு டிக்கெட் எடுத்தார். தியேட்டர் வாசலில், சுவரொட்டியின் மூலையில் 'ஏ' என்ற எழுத்தைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிறகு இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பார்த்தேன். டிக்கெட் கிழிப்பவர் எங்களைத் திருப்பி அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் மகளின் கன்னத்தைக் கிள்ளி, "நீயும் யுத்தத்துக்கு வந்துட்டியா?" என்று அவளுக்கும் த்ரீ-டி படம் பார்க்கிற ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து உள்ளே விட்டார்.

அங்கேயே திரும்பியிருக்கலாம். நான் உடன்குடிப் பக்கம் வாத்தியார் வீட்டில் வளர்ந்தவள். கடல் எனக்குக் கல்யாணத்தோடு வந்தது. "வாத்தியார் வீட்டுப் பிள்ளை, எதுலயும் ஒரு தப்பு கண்டுபிடிச்சிரும்" என்று புகுந்த வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் ஆறு வருடமாகச் சொல்கிறார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு போய் நடு வரிசையில் உட்கார்ந்தேன்.

தொடக்கத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். திரையில் வந்த வீரர்கள் ஒருவர் மேலும் சட்டை இல்லை. எண்ணெய் பூசியதுபோல் எல்லோருக்கும் ஒரே மாதிரி வயிற்றுக் கட்டு. எங்களுக்குப் பின்வரிசையில் ஏழெட்டுப் பேர் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், "ஏலே, பூரா பேரும் ஜிம்முல இருந்து நேரா வாரானுவளா?" என்றார். இன்னொருவர், "நம்ம உப்பளத்துக்காரன்கூட சட்டை போட்டுட்டுத்தாம்லே வேலைக்குப் போறான்" என்றார். கப்பல்கள் வரிசையாக வந்தபோது, "இந்தத் துடுப்ப வச்சிட்டு இந்தக் கடல்ல போனா கரை வந்து சேர மாட்டான்" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். மகள் மட்டும், "இதுல அப்பா எங்க நிக்காவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான், "இது வேற கப்பல்மா" என்றேன்.

பிறகு முதல் தலை உருண்டது.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெட்டியதும் படம் மெதுவானது. ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு சொட்டும் மினுங்கி, நிதானமாக எங்கள் முகத்தை நோக்கி மிதந்து வந்தது. அது அழகாகத் தெரிய வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. தியேட்டர் எழுந்து நின்று விசிலடித்தது. என் பக்கத்தில் பட்டுப்புடவையில் வந்திருந்த ஒரு பெண், வாய் நிறையப் பாப்கார்னோடு, "ஸ்ஸ், செம" என்றாள்.

மகளின் கண்ணாடியைக் கழற்றினேன். அந்தக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகக் கலங்கித் தெரியும். சிவப்பு மட்டும் சிவப்பாகத்தான் தெரியும். அதனால் வலது கையால் அவள் கண்களைப் பொத்தினேன். இடது கை அவள் இடுப்பைச் சுற்றி இருந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

இடைவேளையில் கொழுந்தனார் பிள்ளைக்குப் பப்ஸ் வாங்கப் போனார், அவளும் போனாள். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பின்னால் திரும்பி, அந்தக் கூட்டத்தில் மூத்தவராகத் தெரிந்தவரிடம், "அண்ணாச்சி, சின்னப் பிள்ளை இருக்கு. விசில் சத்தத்துல பயப்படுது" என்றேன்.

அவர் பதறிப்போனார். "அய்யோ, நான் பாக்கலயே தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கூட வந்தவர்களிடம், "ஏலே, இனி எவனும் விசிலடிக்கக் கூடாது. பிள்ளை பயப்படுதாம். கைய மட்டும் தட்டுங்க" என்றார். அதில் இளையவன் ஒருவன், "தலைய வெட்டும்போது கை தட்டுனா பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரில்லா இருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் நன்றி சொல்லிச் சிரித்தேன்.

திரும்பி வந்த கொழுந்தனார் அவருக்கு வணக்கம் வைத்தார். உட்கார்ந்த பிறகு என் காதோரம், "மதினி, போன வருசம் கடல்ல ஒரு வள்ளம் காணாமப் போச்சுல்லா, தேடப் போனவங்கள்ல இவரும் ஒருத்தர். மூணாம் நாள் உடம்பத் தூக்கிட்டு வந்தது இவருதான்" என்றார்.

எனக்கு அந்த மூன்று நாட்கள் நினைவிருக்கின்றன. ஒரு வள்ளமும் தொழிலுக்குப் போகவில்லை. மீன் வாங்கப் போனால் ஏலக் கூடம் காலியாகக் கிடந்தது. எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று அன்று அழுதிருக்கிறேன். இப்போது அதே மனிதர் என் தலைக்குப் பின்னால் சமோசாவைக் கடித்துக்கொண்டு பேசியது கேட்டது: "ரத்தமாலே அது, சர்பத்து மாதிரில்லா இருக்கு. கடல்ல கிடந்து எடுத்தவனுக்கு ரத்தமே இருக்காதுலே. வெள்ளத் துணி மாதிரி இருப்பான்." யாரோ, "திங்கும்போது பேசாதயும்" என்றார்கள். மறுபடியும் சிரிப்பு.

என் மகள் பப்ஸோடு கொடுத்த தக்காளி சாஸை விரல் விரலாக நக்கிக்கொண்டிருந்தாள். என் துப்பட்டாவால் அவள் கையைத் துடைத்தேன். துப்பட்டாவில் ஒட்டிய அந்தச் சிவப்பைப் பார்க்க முடியாமல் மடித்து உள்ளே வைத்தேன். எழுந்து போயிருக்க வேண்டிய இரண்டாவது நேரம் அது. "கிளம்பலாமா?" என்று கேட்டேன். "கடைசிச் சண்டைதான் மதினி மெயினே" என்று கொழுந்தனார் கெஞ்சினார். பிள்ளையை மறுபடியும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் கப்பலைக் கப்பல் முட்டியது. ஆட்கள் வெட்டுப்பட்டுக் கடலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். என் வலது கை மறுபடியும் அவள் கண்மேல். பின்வரிசைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஒருவரும் விசிலடிக்கவில்லை. ஒவ்வொரு தலைக்கும் சேர்ந்து கை தட்டினார்கள்.

என் உள்ளங்கைக்குள் இமைகள் படபடக்க மகள் கேட்டாள்: "அம்மா, எதுக்கு எல்லாரும் கை தட்டுதாவ?"

பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. செத்துப்போய்விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கிடைத்ததிலேயே மென்மையான உண்மை எது என்று தேடி, "ஒரு ஆள் தண்ணில விழுந்துட்டாருமா" என்றேன்.

கடற்கரையில் பிறந்த பெண் செத்தாலும் அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாள். எங்கள் வீட்டில் என் கணவர் கப்பலில் இருக்கும் நாட்களில் அதை யாரும் வாயெடுத்துச் சொன்னதே இல்லை. உடன்குடிக்காரிக்கு அது கிணற்றடியில் வழுக்கி விழுவதுபோலத்தான் தோன்றியது.

அடுத்த கைதட்டல் வந்ததும் அவள், "இன்னொருத்தரு விழுந்துட்டாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளும் தட்டினாள். கண் மூடியிருக்க, சாஸ் பிசுபிசுக்கும் சின்னக் கைகளால் தட்டினாள். பின்னாலிருந்து அந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "அடி சக்கை! குட்டி கை தட்டுதா பாருங்கலே!" என்றார். வரிசை முழுவதும் அவளைப் பார்த்துத் தட்டியது. அவளுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் இருந்த பட்டுப்புடவைப் பெண் அவள் தொடையில் செல்லமாகத் தட்டி, "சூப்பர்டா குட்டி" என்றாள். எனக்கு அவர்கள் எல்லோரையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. இந்த வாய்கள்தான் நாளைக்கு மாதா கோயிலில் பாடும் என்று நினைத்தேன். என் வாயும்தானே பாடும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது அந்த அண்ணாச்சி எதிரில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மகளைக் கண்டதும் முகம் மலர்ந்து இரண்டு தடவை கை தட்டிக் காட்டினார். அவளும் தட்டினாள். வீட்டுக்கு வந்து கால்மணி நேரத்தில் என் கணவர் வீடியோ காலில் வந்தார். கப்பலின் மேல்தளத்தில் நின்று, போனைத் திருப்பி மகளுக்குக் கடலைக் காட்டினார். கம்பிக்கு வெளியே ஒரே நீலம்.

"அப்பா, நீங்க எப்ப தண்ணில விழுவீங்க?" என்று கேட்டாள். "விழுந்தா நான் கை தட்டுவேன்." தட்டியும் காட்டினாள்.

அவர் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் முகம் மாறியது. "யாரு தங்கம் இப்படிச் சொல்லிக்குடுத்தா?" என்றார்.

"அம்மாதான்."

"போன அம்மாட்ட குடு." நான் வாங்கினேன். "என்னளா சொல்லி வச்சிருக்க பிள்ளைட்ட?" என்று மட்டும் கேட்டார். நான் படத்தையும் கண்ணாடியையும் விசிலையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியில், "நெட்டு சரியில்ல, அப்புறம் பேசுதேன்" என்றார். அவர் கன்னத்து மச்சம்கூடத் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு வீடியோ காலில் வருவதை நிறுத்திவிட்டார். குரல் மட்டும்தான். நான் பேசிய பிறகு, "பிள்ளைக்கு ஒரு முத்தம் குடுத்திரு" என்று வைத்துவிடுகிறார். கோபமா என்று கேட்டால், "கோவமெல்லாம் இல்ல. அந்தக் கம்பிப் பக்கம் போனா பிள்ளை கை தட்டுறது கண்ணு முன்னால வருது" என்கிறார். கப்பலில் இருந்துகொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் எப்படி வேலை செய்வார்? அதை நினைத்தால் எனக்கு வேறு பயம் வருகிறது.

மகள் தினமும் ஒரு தடவையாவது குளியல் வாளியில் பொம்மையைத் தள்ளிவிட்டுக் கை தட்டுகிறாள். தட்டாதே என்றால், "நீங்கதான சொன்னீங்க?" என்கிறாள்.

அவர் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் நான் கற்றுக்கொடுத்ததை நானே திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு, தண்ணீரில் விழுந்தவர்கள் எழுந்து வரவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். தூங்கப் போகும்போது அவள், "அப்பா கப்பல் பத்திரமா வரணும்" என்று கைகூப்பிச் சொல்கிறாள். பாட்டுப்போலச் சொல்லிவிட்டு உடனே தூங்கிவிடுகிறாள். நான் உண்மையைச் சொன்னால், அந்த ஜெபம் எதற்காக என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் கை தட்டிக்கொண்டிருப்பாள்.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது ஆள் கடலில் இருந்தால், உங்கள் பிள்ளைகளுக்கு எந்த வயதில் இதைச் சொன்னீர்கள், என்ன வார்த்தைகளில் சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். சொல்லாமலே வளர்த்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். வார்த்தையைத் தேர்ந்தெடுப்பதில் என்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.