பந்தியில் கழற்றிய ஒட்டியாணம்

திருப்பதியில் நாத்தனார் மகள் கல்யாணம். என்னிடம் இருந்ததோ கன்ட்ரோல் கடையில் ரேஷனுக்குக் கிடைத்த முரட்டுப் புடவை ஒன்றுதான். கட்டினால் கொசுவம் அடங்காமல் சாக்கு மூட்டை மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். என் கணவரின் அண்ணன் மனைவி தன் வெள்ளி ஒட்டியாணத்தைக் கொடுத்து, "இத்த போட்டுக்கோ, நல்லாயிருக்கும்" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. கொசுவம் படிந்து, அந்தப் புடவைக்கே ஒரு களை வந்துவிட்டது. எங்கே வாங்கினாய் என்று நாலு பேர் தொட்டுப் பார்த்தார்கள்.

பந்தியில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மறுபடி சோறு கேட்டதும், சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி, "மெதுவா துன்னும்மா! ஒட்டியாணம் என்னுது, விரிஞ்சிடப் போவுது" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. இடது கையால் கொக்கியைக் கழற்றி அவள் மடியில் போட்டேன். புடவை பழையபடி புடைத்துக்கொண்டது. புடைக்கட்டும் என்று பாயசமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். நான் இடது கையால் கொடுத்தேனாம், ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். எச்சில் கையாலா கொடுப்பார்கள்?

இரவல் நகை அன்றோடு சரி. கிழிந்த பட்டுப் புடவையின் சரிகைக் கரையைக் கெட்டித் துணியில் வைத்துத் தைத்து, கொக்கி போட்டு, நானே ஓர் இடுப்புப் பட்டை செய்துகொண்டேன். எந்த முரட்டுப் புடவையும் அதற்கு அடங்குகிறது.

போன வாரம் அவளே தன் மகளுக்கு அதை இரவல் கேட்டு வந்தாள். கொடுத்தேன். "பொண்ணு வயிறு நெறைய துன்னட்டும்க்கா. நான் அவ எலையைப் பாக்க மாட்டேன்" என்றேன்.