தெரியும் சாரின் மோட்டார்

தெருவில் அவருக்கு 'தெரியும் சார்' என்றுதான் பெயர். யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "தெரியும், தெரியும்" என்பார். ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் கையெழுத்துப் போட்டதைத் தவிர அந்தக் கை துரும்பை எடுத்து அந்தப்பக்கம் போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஸ்க்ரூட்ரைவர் பிடித்தது. வீட்டுக்குப் பிடித்தது சனி. அவர் பிரித்துப் பூட்டிய எதிலும் ஏதாவது ஒன்று மிச்சமாகும். மிக்ஸியில் ஒரு திருகு, சுவர்க் கடிகாரத்தில் ஒரு பல்சக்கரம். "கம்பெனிக்காரன் தேவையில்லாம வச்சிருக்கான்" என்று பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். மிக்ஸி இன்றுவரை ஓடவில்லை.

மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தினம் அரைமணி நேரம் தண்ணீருக்குள் நடக்காவிட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நல்லவேளையாக, வாங்கிய வீட்டோடு பின்பக்கம் ஒரு சின்ன நீச்சல் குளமும் வந்திருந்தது. அதன் மோட்டாரைத்தான் மகானுபாவர் 'சர்வீஸ்' பண்ணினார். பத்து நாளாக அது உறுமுகிறதே தவிர, சொட்டுத் தண்ணீர் இழுக்கவில்லை. குளம் பச்சையாகிவிட்டது. கால் மறுபடி விறைத்துக்கொண்டு வந்ததில் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் கெஞ்சி வரவழைத்த மெக்கானிக்கையும் அவர் வாசலிலேயே மடக்கினார்.

"உள்ள காத்து புகுந்திருக்கும் சார். முதல்ல தண்ணி ஊத்தி..."

"தெரியும். தண்ணி எடுக்குற மெஷினுக்கே தண்ணி ஊத்தணுமாம்! யார்கிட்ட கதை விடுற?"

மெக்கானிக் போய்விட்டார். மறுநாள் காலை 'தெரியும் சார்' பூங்காவில் நாலு பேருக்குப் புத்தி சொல்லக் கிளம்பியதும், அவள் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"மோட்டார் மூடிக்கு அடியில ரப்பர் வளையம் இருக்கா பாருங்கம்மா."

இல்லை. அவள் யோசிக்கவே இல்லை, நேரே பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். கடிகாரச் சக்கரத்துக்கு அடியில் வளையம் சுருண்டு கிடந்தது. இந்த மனுஷனை நம்பி முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். வளையத்தைத் துடைத்து மாட்டினாள். மூடிக்குக் கீழே குப்பை பிடிக்கும் கூடை இருந்த பானை நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கினாள். "ஃபில்டர் தலையில இருக்குற குமிழைத் திறந்து விடுங்க. காத்து சீறும். அது நின்னதும் தண்ணி பீய்ச்சும், சட்டுனு மூடிடுங்க" என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். திறந்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். உறுமல் மாறியது. கண்ணாடி மூடிக்குள் தண்ணீர் சுழன்று ஏறியது. மருந்து போட்டால் நாலைந்து நாளில் குளம் தெளிந்துவிடும், நடக்கலாம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பூங்காவிலிருந்து திரும்பிய 'தெரியும் சார்' சத்தம் கேட்டுப் பின்பக்கம் வந்தார், காதில் போனோடு. கீழே உட்கார்ந்திருந்தவள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஆமா தம்பி, நானேதான் சரி பண்ணினேன். மெக்கானிக்கா? அவனுக்கு என்ன தெரியும்?" என்று ஃபில்டர் மேல் குனிந்து, சீறுகிற குமிழை உற்றுப் பார்த்தார்.

சீறல் நின்றது. குமிழுக்கு நீண்ட கையை அவள் மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் பச்சைத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மூஞ்சியில் அடித்தது. மூக்குக் கண்ணாடி ஒருபக்கம், போன் ஒருபக்கம்.

"ஏண்டி, தண்ணி வரும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் நிதானமாகக் குமிழை மூடினாள்.

"உங்களுக்குத் தெரியாததா?"