நான்கு மாதம் அனுப்பிய மல்லிகை

ஐம்பதுகளில் சிறுமலைக்கு பஸ் கிடையாது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும் குதிரைகள்தான் போக்குவரத்து. அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கை, திருவிழாவுக்கு வந்தபோது, பிள்ளைக்குப் பால்குடி மறக்கடித்ததில் இடது மார்பில் பால் கட்டிக்கொண்டது என்றாள். மல்லிகையை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அன்றே பூ வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பின் வாரம் தவறாமல் குதிரைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒங்க தங்கச்சி பூ கேட்டாக" என்பார். நானும் வாழையிலையில் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். தங்கையை நன்றாகக் கவனிக்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்க எங்கள் திண்டுக்கல் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா, எதற்காகப் போனாலும் கட்டி இருக்கிறதா என்று மார்பைத் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். டவுன் பெண்கள் நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே காட்டுவோம். எனக்கு ஒன்றுமில்லை என்றார். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"பூ வச்சுக் கட்டுனா பால் வத்த எத்தன நாளாகும்மா?"

"பத்து நாள் போதுமே. ஏன்?"

எனக்குப் பகீரென்றது. நான் நான்கு மாதமாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் குதிரைப் பாதையில் ஏறினேன். ஒன்றும் இருக்காது என்று நானே சொல்லிக்கொண்டேன், நானே நம்பவில்லை. தங்கை கதவைச் சாத்திவிட்டு ரவிக்கையை விலக்கினாள். கொட்டைப்பாக்கு அளவில் கட்டி, கல்லாட்டம் இருந்தது. அவளைக் கையோடு கீழே கூட்டிவந்தேன்.

டாக்டரம்மா வெகுநேரம் தொட்டுப் பார்த்தார். அக்குளிலும் அழுத்திப் பார்த்தார். உடனே மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும், மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் தைரியம் சொல்லியிருப்பேன், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். டவுனிலேயே இருந்திருந்தால் அவளையும் எப்போதோ பார்த்திருப்பாரே என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதை யார் மீது காட்டுவது என்று தெரியாமல், வராந்தாவில் வைத்து அவள் மீதே பாய்ந்தேன்.

"ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? இம்புட்டு நாளா ஒரு வார்த்த சொல்லிவிட்டா என்ன?"

"கொண்டு வாரவரு ஆம்பள. அவருகிட்ட மாருல கட்டின்னு எப்படிக்கா சொல்லிவிட?" என்றாள் தங்கை. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னுமா வத்தலன்னு நீயே கேப்ப, ஒரு எட்டு வந்து பாப்பன்னுதான் வாரா வாரம் பூ கேட்டுச் சொல்லிவிட்டேன்."