இடி அக்காவின் அடி யாருக்குச் சொந்தம்?

எங்கள் ஸ்டுடியோவில் அவரை எல்லோரும் இடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பை ஒட்டிய கறுப்பு உடுப்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கருவிகளை மாட்டிக்கொண்டு அக்கா சண்டை போடுவார். கேமராக்கள் அந்த அசைவை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். வீடியோ கேமில் அடிப்பது முகமூடி போட்ட சூப்பர் ஹீரோ. பேர் அவனுக்கு, வீக்கம் அக்காவுக்கு.

அந்த ஹீரோவுக்கென்று ஓர் அடி உண்டு. இடது முழங்கையால் முகத்தை மறைத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, எதிராளியின் மூக்கில் நெற்றியால் ஒரே இடி. ஒத்திகையின் முதல் நாளே எதிரே நின்ற சண்டைக்காரனுக்கு ரத்தம் கொட்டியது.

"ஒத்திகையில இப்படியா அடிப்பாங்க?" என்றான் அழாத குறையாக.

"தலை தானாப் போயிடுது தம்பி" என்றார் அக்கா.

அந்த இடியை அக்கா கற்றது ஸ்டுடியோவுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு, தன் புருஷனிடம். அவன் எப்போதும் இடது கன்னத்தில் அறைகிறவன். ஒரு நாள் சமையலறை மூலையில் போக்கிடம் இல்லாமல் அக்கா இடித்தார். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் கட்டிய துணியோடு வெளியேறினார்.

பிறகு அக்காவும் நானும் சொந்தமாக ஒரு கேம் செய்தோம். முகமூடி இல்லாத பெண் ஹீரோ; அவளுக்கும் அதே இடி. வெளியிடப்போகும் சமயத்தில் பழைய ஹீரோவின் உரிமையாளர்களிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதிவான அசைவெல்லாம் அவர்களுக்கே சொந்தம் என்று அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏற்கெனவே தன்னுடையது எதுவும் இருந்தால் குறிப்பிட ஒப்பந்தத்தில் இடம் விட்டிருந்தார்கள். அக்கா அதைக் காலியாக விட்டுவிட்டார். புருஷன் மூக்கை உடைத்ததை யார் அங்கே போய் எழுதுவார்கள்?

"முன்னாடியே இது உங்ககிட்ட இருந்துச்சுன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். இல்லன்னா கேமை மறந்துடுங்க" என்றார் எங்கள் வக்கீலம்மா.

"சாட்சி ஒருத்தன்தான். அடி வாங்கினவன்" என்றார் அக்கா.

மூவரும் அவன் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவள் அவனுடைய இரண்டாவது மனைவி. இடது கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அக்கா தான் யாரென்று சொன்னதும் அவள் கண்கள் விரிந்தன.

"நீங்களா அது? என்னை அடிக்கிறப்பல்லாம் உங்களைத்தான் சொல்வாரு. 'அவளை மாதிரி முட்டிடலாம்னு நினைக்காதே'ன்னு, இப்படிக் கையைத் தூக்கி, தலையைக் குனிஞ்சு, செஞ்சே காட்டுவாரு."

"இதைக் கோர்ட்ல சொல்லுவியாம்மா?" என்றார் வக்கீலம்மா அவசரமாக.

"வேணாம். சொன்னா இவளை உயிரோட விடமாட்டான். கேம் போனாப் போகட்டும்" என்றார் அக்கா. அந்த கேமுக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர் அவர்.

நாங்கள் திரும்புவதற்குள் அவன் படியேறி வந்துவிட்டான்.

"யாரைக் கேட்டுடி கதவைத் திறந்தே?" என்று அவள் தலைமுடியைப் பிடித்து நிலைக்கதவில் மோதினான். தடுக்கப் போன எனக்கு வயிற்றில் ஓர் உதை, சுருண்டு விழுந்தேன். அக்கா பாய்வதற்குள் அவளுடைய இடது முழங்கை மேலே போயிற்று. எத்தனையோ தடவை அவனே செய்து காட்டியதுதான். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. கதவு, தரை, வக்கீலம்மாவின் சட்டை எல்லாம் ரத்தம்.

அவன் சுவரோடு சரிந்து அக்காவைப் பார்த்துக் கத்தினான்: "நீதானேடி சொல்லிக்குடுத்தே! அன்னிக்கு என் மூக்கை உடைச்சியே, அதே அடி!"

படியில் கூடியிருந்த அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் கேட்டார்கள். வக்கீலம்மா என்னைப் பார்த்தார். சாட்சி தானே வந்து வாயைத் திறந்துவிட்டது. சிரிக்கலாம் என்றால் வயிறு வலித்தது.

அக்கா இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"உன் ரத்தமா, அவனோடதா?"

"அவனோடதுதான்க்கா."

"அப்போ சரி. செருப்பை மாட்டு, கிளம்பு" என்றார் அக்கா.