நான் கெடுத்த காமெடி

இந்த வாரப் பத்தியை நான் இரண்டு தடவை எழுத வேண்டியதாகிவிட்டது. முதலில் எழுதியதை ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எடிட்டர் இல்லை. எடிட்டர் கைக்குப் போவதற்கு முன்பே அது திரும்பி வந்துவிட்டது!

திருப்பியவர் செல்வதாஸ். பழவங்காடி பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறார். ஃபாக்ஸ் மெஷினும் உண்டு. திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதெல்லாம் அந்த மெஷின் வழியாகத்தான் திங்கட்கிழமைதோறும் சென்னைக்குப் போகிறது. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். சின்ன வயதில் வந்த போலியோவில் ஒரு கால் சூம்பிப்போய், இரண்டு ஊன்றுகோல்களில் நடக்கிறார். வாய் மட்டும் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கும்.

நான் கொடுக்கும் தாள்களை மெஷினில் போடும் முன் ஒன்றுவிடாமல் படித்துவிடுவார். அனுமதியெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை. "சாரே, ரெண்டாம் பக்கம் கொஞ்சம் டல்லு, கேட்டோ" என்று விமர்சனம் வேறு. எரிச்சலாக வரும். ஆனால் சிரித்துவிட்டார் என்றால்... அன்றைக்கு நான் பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாலும் கால் வலிக்காது.

வீட்டில் அந்தப் பாக்கியம் இல்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே! என் மனைவி கோமதி என் பத்தியைப் படித்து இதுவரை ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்பாள். கடைக்காரர் கொடுத்த புளியைப் பற்றியும் இதே குரலில்தான் சொல்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஆட்டவிழா. எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் நடத்தியது. ஜட்ஜ் கிடையாது, பரிசு கிடையாது, ஆட ஆசைப்பட்ட யாரும் ஆடலாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் ஆடினார்கள். காது கேட்காத பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிக்களி ஆடினார்கள். ஃபைல் தள்ளி ரிடையரான ஒரு பெரியவர் காவடி எடுத்தார். ஓட்டலில் பரோட்டா அடிக்கிற தென்காசிக்காரர்கள் போட்ட குத்தில் மேடைப் பலகை ஒன்று பெயர்ந்தே போய்விட்டது.

நானும் ஆடினேன். ஆமாம்... நான்தான். பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பர்களோடு ஒரு குரூப் டான்ஸ். எல்லோரும் இடது பக்கம் போகும்போது நான் வலது பக்கம் போனேன். வேட்டி வேறு அவிழப் பார்த்தது. ஹாலே சிரித்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். என்னைப் பார்த்து ஒருவர்கூட 'பாவம்' என்று சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையிறங்கி முன்வரிசையில் கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அடுத்த ஐட்டம் செல்வதாஸ்.

சங்கத்துச் செயலாளர் அதுவரை மைக்கில் கத்திக்கொண்டிருந்தவர், அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். செல்வதாஸ் மேடையேறி ஒரு அசைவுகூடச் செய்யவில்லை... அதற்குள் கைதட்டல். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். நானும் எழுந்தேன்.

டேப்பில் பாட்டு ஆரம்பித்தது. செல்வதாஸ் ஒரு ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு, மற்றதைத் தூக்கிக் காதருகே வைத்துக்கொண்டார். மெதுவாக ஆடினார். குசலம் விசாரிக்கிற மாதிரி தலையை ஆட்டினார். நடுநடுவே அண்ணாந்து எதையோ பார்த்தார். பார்க்கப் பார்க்க ஆட்டம் வேகமெடுத்தது. தோள் துடித்தது, இடுப்பு துடித்தது, முகம் எங்கெங்கோ கோணியது. நான் அதில் எதைப் பார்த்தேன் என்கிறீர்கள்? காலை. அந்தச் சூம்பிய காலை மட்டும். கண் கலங்கிவிட்டது.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். கோமதி. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்!

முன்வரிசை மொத்தமும் திரும்பி அவளை முறைத்தது. எனக்கு மானம் போயிற்று. அவள் கையை அழுத்திப் பிடித்து, "சும்மா இரு, பாவம்" என்று சீறினேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க, அவரு சிரிக்க வைக்கத்தானே ஆடுதாரு?" என்றாள் மெல்ல.

"வாயை மூடு."

அடுத்த நிமிஷம் செல்வதாஸ் தடாலென்று கீழே விழுந்தார். ஊன்றுகோல்கள் ஆளுக்கொரு பக்கம் உருண்டன. "அய்யோ!" என்று ஹாலே அலறியது. யார் முதலில் மேடைக்கு ஓடியது? அடியேன்தான். அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கினேன். "விடுங்க சாரே, விடுங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எவ்வளவு சுயமரியாதை என்று நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கைதட்டல் கூரையைத் தொட்டது. செயலாளர் மைக்கைப் பிடித்துத் தன்னம்பிக்கை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கோமதிக்கு உபதேசம் செய்தேன். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா? மனசு என்று ஒன்று வேண்டாமா? நான் அன்று ராத்திரியே உட்கார்ந்து, செல்வதாஸ் விழுந்ததையும் எழுந்ததையும் உருகி உருகி எழுதி முடித்தேன். நானே படித்து நானே மூக்கைச் சிந்தினேன்.

திங்கட்கிழமை பூத்துக்குப் போனேன். செல்வதாஸ் வழக்கம்போலத் தாள்களை வாங்கிப் படித்தார். ஒரு வார்த்தை விமர்சனம் இல்லை. கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, தாள்களை ஒழுங்காக அடுக்கி என் முன்னால் வைத்தார்.

"இத அனுப்பணுமா சாரே?"

"ஏன், நன்றாக இல்லையா?"

"நான் எதுக்கு விழுந்தேன்னு தெரியுமோ?"

பேந்தப் பேந்த விழித்தேன். அவர் பூத்தின் கண்ணாடிக் கூண்டைக் கைகாட்டினார். உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் ரிசீவர். கண் மட்டும் மேலே, சிவப்பு எழுத்தில் கட்டணம் ஓடும் மீட்டரில். மீட்டர் ஓட ஓட அவர் பேச்சும் ஓடியது, கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளினார்.

"அந்த ஆளுதான் எனக்க ஐட்டம். ஊன்றுகோலு ஃபோனு. பில்லப் பாத்ததும் மயக்கம் போட்டு விழணும். எத்தற நாளு வீட்டுல பாய விரிச்சுப் போட்டு விழுந்து படிச்சேன் தெரியுமோ? அதுக்குப் பின்னேதான் சாரே காமெடியே இருக்கு. படுத்த மேனிக்குத் தலையத் தூக்கி, மறுபடி நம்பரச் சுத்தி, 'ஹலோ... ஒரு காரியம் சொல்ல மறந்து போச்சு'ன்னு சொல்லணும். நீங்க விட்டியளா?"

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியாமல், சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "இப்போ சிரிச்சு என்ன காரியம்?" என்றார்.

பதினைந்து வருஷமாகச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன் நான். ஒரு ஜோக் சொல்லிவிட்டு எதிரே சிரிப்புச் சத்தம் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அது தெரிந்தும் ஒரு மனிதரை அப்படி நிற்க வைத்தேன். போதாததற்கு, அவர் ஜோக்கின் கடைசி வரியைச் சொல்லும் முன் தூக்கி நிறுத்தி, அதைப் பெரிய உபகாரமாக நினைத்துப் பத்தியும் எழுதினேன். என்னை மாதிரி வேட்டி நழுவுகிறவனுக்குத் தாராளமாகக் கிடைத்த சிரிப்பு, பாய் விரித்துப் பயிற்சி எடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஒரே ஒரு சிரிப்புக் கேட்டுது சாரே," என்றார் செல்வதாஸ். "பொம்பளச் சத்தம். சத்தியமாட்டு அத வச்சுத்தான் நான் வேகம் கூட்டினேன். பொசுக்குன்னு நின்னு போச்சு. எவனோ வாயப் பொத்திட்டான். லைட்டு கண்ணுல அடிச்சதுனால ஒண்ணும் தெரியல்ல. நீங்க முன்வரிசைல்லா இருந்திய... யாருன்னு பாத்தியளா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு சிரிப்பின் விலாசம் மட்டும் கிடைத்தால் போதும் என்கிற முகம்.

"கவனிக்கலையே..." என்றேன்.

ஆமாம், பொய்தான் சொன்னேன். தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "நாளைக்கு நானும் பூத்துக்கு வாரேன். அந்த 'ஹலோ'வ நான் பாக்கணும்" என்றாள், அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த இரண்டாவது பத்தி. செல்வதாஸ், சிரித்தது என் மனைவி. வாயைப் பொத்தியது நான். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. இந்தத் தாள்களை இன்றைக்கு உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கடைசிப் பக்கத்துக்கு வரும்வரை தலை குனிந்து நிற்கப் போகிறேன்.

வாசகர்களே, இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால்... அவர் அனுப்பியிருக்கிறார்.