படம் வரேல்லை

எங்கள் ஊர் கேபிள் தொலைக்காட்சியில் மரண அறிவித்தல்களைத் தட்டச்சு செய்து திரையின் அடியில் ஓடவிடுவது என் வேலை. எந்தச் சாவும் எனக்கு முதலில் வேலையாகத்தான் வந்து சேரும். அன்று காலை ஜெசிந்தா அக்கா அழைத்தபோதும், "ஆர் அக்கா, எந்த இடம்?" என்றுதான் கேட்டேன்.

"எங்கட வீடுதான் பிள்ளை. இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார்.

தண்ணீரூற்று ஊரில் எங்கள் கேபிளை நடத்திய, அக்காவின் கணவர் அன்ரன் அண்ணையின் பெயரை, அவருடைய கதிரையில் இருந்து நானே அடித்தேன். கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய சத்தமும் தெரியும். "என்ர அப்பர் வலை இழுத்தார், நான் வயர் இழுக்கிறன்" என்று கம்பத்தின் உச்சியில் இருந்து தெருவுக்கே கேட்கக் கத்துவார். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு, வீடுகள் ஒவ்வொன்றாகக் கேபிளை விட்டன. கலியாணங்களையும் செத்தவீடுகளையும் வெளிநாட்டு உறவுகளுக்கு இணையத்தில் நேரடியாகக் காட்டும் வேலையை அவர் தொடங்கினார். அந்த வருமானம்தான் நட்டத்தில் ஓடிய கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"உந்தக் கம்பியளைக் கழட்டிப்போட்டு நிம்மதியா இருங்கோவன் அண்ணை" என்று நானே சண்டை பிடித்திருக்கிறேன்.

"கழட்டினா தனிய இருக்கிற சின்னம்மா எதைப் பாக்கிறது? அவாவுக்குப் போனைக் காதில வைக்க மட்டும்தான் தெரியும்."

முறைப்பாடு வந்தால் அவருக்குச் சந்தோசம். "படம் வரேல்லை எண்டு ஏசினா, பாக்க ஆள் இருக்கெண்டு அர்த்தம். ஒருதரும் ஏசாட்டித்தான் எனக்குப் பயம்" என்பார். தொலைபேசி அடிக்காத நாட்களில் அவரே வீடுவீடாக அழைத்து விசாரிப்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்தச் சின்னம்மாவின் கடைசி மகளுக்குப் பாரிஸில் கலியாணம். தாய்க்கு விசா கிடைக்கவில்லை. அங்கிருந்து இணையத்தில் வந்த படத்தை அண்ணை எங்கள் கேபிளில் போட்டார். ஊரே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்கு வந்தது. "நீயும் போ, நான் பாக்கிறன்" என்று என்னையும் அனுப்பிவிட்டார். திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்க, அடியில் 'அன்னாரின் இறுதிக்கிரியைகள்' என்று எழுத்து ஓடுகிறது! மனுசன் அறிவித்தலை நிறுத்த மறந்துபோனார்.

"ஐயோ அண்ணை, எழுத்து! எழுத்தை நிப்பாட்டுங்கோ!" என்று போனில் கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து, பேச்சு வராமல் முற்றத்தில் நின்றார். நான் பார்க்க அவர் ஊமையான ஒரே நாள் அது. சின்னம்மா பலகாரத் தட்டோடு வந்தார்.

"அதுக்கென்ன தம்பி. என்ர மனுசன்ர பேரும் உதிலதானே ஓடினது. மகளின்ர கலியாணத்தை அவரும் எட்டிப் பாத்திட்டுப் போயிருப்பார். சாப்பிடு."

அண்ணை பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார்.

அண்ணையின் அடக்கம் முடிந்தபிறகு, வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகன் கேபிளை மூடச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஜெசிந்தா அக்காதான் தவித்தார். "ஒருதரும் பாக்காட்டி ஆருக்குப் பிள்ளை உதை வைச்சிருக்கிறது?" என்றார். எங்கள் கேபிள் கந்தோர்த் தொலைபேசி அடிக்கவே இல்லை. அண்ணை சொன்ன பயம் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அண்ணையின் அறிவித்தலை நிறுத்த மனமில்லாமல் ஓடவிட்டிருந்தேன். பிறகு ஒரு நாள் காற்றோடு மழை. மழை விட்டதும் தொலைபேசி அடித்தது. சின்னம்மா.

"பிள்ளை, படம் வரேல்லை. அன்ரன்ர பேர் ஓடிக்கொண்டிருந்தது, பாதியில நிண்டுபோச்சு. கெதியா வந்து பாருங்கோ."

நான் தொலைபேசியை ஜெசிந்தா அக்காவிடம் நீட்டினேன். கேட்டுவிட்டு, "ஓம் அம்மா, வாறம்" என்றார். கண்ணைத் துடைத்தார். "இவற்ற ஏணி எங்க கிடக்கு?" என்று என்னைக் கேட்டார்.

கேபிள் இன்னும் எவ்வளவு காலத்துக்கு ஓடும் என்று எனக்குத் தெரியாது. போன் முழுதாக வென்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன். அன்ரன் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய அந்தப் பயத்தைத்தான். தொலைபேசி அடிக்காத நாட்களில் இப்போது நான் அழைக்கிறேன்.

"சின்னம்மா, படம் வருகுதோ?"

"ஓம் பிள்ளை, வருகுது."