மேல்வளவின் ஒரே ஓட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த ஆறு வருஷத்தில் அது குறையவில்லை. மலைக்காற்று குணத்தைத் தணிக்கும் என்று சொன்னவர்கள் என்னைப் பார்த்தபின் அதைச் சொல்வதில்லை. சேந்தமங்கலத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். இங்கே தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. அதோடு வாக்குச்சாவடி வேலையும் என் தலையில் கட்டப்பட்டிருந்தது. பட்டியலைச் சரிபார்ப்பது, வீடு வீடாகச் சீட்டுக் கொடுப்பது, ஓட்டு நாளன்று பள்ளி வாசலில் மேஜை போட்டு வரிசை எண் தேடிக் கொடுப்பது எல்லாம் என் பாடு.

ஊர் இரண்டு வளவாக, இரண்டு குடியிருப்பாக இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. முந்தின தேர்தலில் ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னவர் ஜெயித்தார். ரோடும் வந்தது, கீழ்வளவு வரைக்கும். அங்கே அவருடைய கட்சிக்காரர் ஒருவரின் மிளகுத் தோட்டத்து வேலியோரம் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து கீழ்வளவு முழுக்க அந்தக் கட்சி, மேல்வளவு முழுக்க அதற்கு எதிர். தனித்தனி வாட்ஸ்அப் குழு, தனித்தனி டீக்கடை. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே நடுவில் இடம் விட்டு இரண்டு கூட்டமாக உட்கார ஆரம்பித்தார்கள். அதட்டிக் கலந்து உட்காரவைத்தால், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி வருவதற்குள் பழையபடி பிரிந்திருப்பார்கள்.

இந்தத் தடவை, ரோடு வராமல் ஓட்டு இல்லை என்று மேல்வளவு முடிவு செய்தது. வாய்ப்பேச்சோடு விடவில்லை. எல்லார் வீட்டு வாக்காளர் அட்டையையும் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, கோயிலில் சாமி காலடியில் வைத்துவிட்டார்கள். அப்படி வைத்ததை வளவு கூடித்தான் எடுக்க முடியும். யாராவது மீறினால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு வளவு போகாது.

எனக்கு வேறு கவலை. சாவடியில் சதவீதம் விழுந்தால் விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்று மேலதிகாரி தினமும் போனில் சொன்னார். நான் சீட்டுக் கொடுக்கப் போனபோது மேல்வளவில் யாரும் கை நீட்டவில்லை. வாசல்வாசலாக வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் பள்ளி கேட்டில் செருகியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அம்மா மேல்வளவுக்காரர். புருஷன் இல்லை, ஒரே மகள். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை இதே மலையில் திருப்புலி நாட்டுப் பக்கம். பந்தல் போடுவது முதல் பந்தி பரிமாறுவது வரை வளவுச் சனம்தான் செய்யும். கூலிக்கு ஆள் வைக்கிற வழக்கம் அங்கே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஓட்டுக்கு முந்தின நாள் சமையல்கட்டுக்குப் போய் நின்றேன். வாக்காளர் அட்டை கோயிலில் இருந்தால் என்ன, நூறு நாள் வேலை அட்டை போதும் என்றேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற நாமே போடாவிட்டால் எப்படி என்றும் கேட்டேன். அந்தம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"மகளுக்குக் கல்யாணம் இருக்குதுங்களே டீச்சர்."

ஓட்டு அவரவர் உரிமை, அதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் பத்து மணிக்குள் கீழ்வளவு போட்டு முடித்தது. அப்புறம் வரிசையே இல்லை. கொஞ்சம் தள்ளிப் பலாமரத்தடியில் மேல்வளவு ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கோஷம் போடவில்லை, சண்டைக்கு வரவில்லை. யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எதிர்ப்பக்கம் கீழ்வளவு இளவட்டங்கள் பைக்குகளில் சாய்ந்துகொண்டு விரல் மையைக் காட்டிச் சிரித்தார்கள். காவலுக்கு இரண்டே போலீஸ்காரர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சதவீதம் கேட்டுப் போன் வந்தது. சொன்ன எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

நாலரை மணிக்கு அந்தம்மா வந்தார். பலாமரத்தைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். ஒருவரும் தடுக்கவில்லை. என் மேஜைக்கு வந்து வேலை அட்டையை நீட்டினார். வரிசை எண்ணைத் தேடி எழுதிக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெளியே வரும்போது இடக்கையை முந்தானைக்குள் மறைத்திருந்தார். கீழ்வளவுப் பக்கம் ஒருவன் விசிலடித்தான். மற்றவர்கள், தங்கள் கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்ட மாதிரி கைதட்டினார்கள். பலாமரத்தடியிலிருந்து அந்தம்மாவின் புருஷனுக்கு அண்ணன் எழுந்து வந்தார். போலீஸ்காரர்கள் லத்தியை எடுத்தார்கள். அவர் நாலடி தள்ளியே நின்றுகொண்டார்.

"உன்ற ஊட்டுப் பந்தலுக்கு இனி எங்க கால் வராது."

மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க, கூட்டமும் அவர் பின்னால் போனது. அந்த ஒரு ஓட்டால் சதவீதம் ஒன்றும் தேறவில்லை, விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

வைகாசியில் சொன்னபடியே நடந்தது. கீழ்வளவுக்காரர்கள் கட்சித் துண்டோடு வந்து, பந்தலும் ஆளும் நாங்கள் தருகிறோம் என்றார்களாம். அந்தம்மா வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நான் போனபோது, பந்தல் காலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தது கல்யாணப் பெண். பின்பக்கம் அந்தம்மா ஒற்றை ஆளாக மூன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தேன். சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அத்தனை பேர் பார்க்க நடந்து வந்தீர்களே, அந்தத் தைரியம் யாருக்கு வரும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

"தைரியமெல்லாம் இல்லீங்க டீச்சர். மாசா மாசம் என்ற சம்பள நோட்டுல கையெழுத்துப் போடறது நீங்கதானுங்களே. வராட்டி வேலைய எடுத்துருவீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

அதில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அரிசியைக் களையப் போனார். அப்படிச் செய்வேனா நான் என்று கேட்க வாயெடுத்தேன். செய்திருக்க மாட்டேன், அது எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு அது தெரியும்படி இந்த ஆறு வருஷத்தில் நான் ஒருநாளும் நடந்துகொண்டதில்லை. அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும்விட அவர் அதிகமாகப் பயந்தது எனக்குத்தான்.